பன்னிரண்டு பேர் சாப்பாடு

கோ-கோ ஆடும் பெண்ணுக்கு இரண்டு ஆட்டத்துக்கு நடுவில் என்ன சாப்பிடக் கொடுக்கலாம் என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். எலுமிச்சை சாதம், அதுவும் அரை வயிற்றுக்கு. வேர்க்கடலையும் வெல்லமும் இடித்துப் பிடித்த உருண்டை ஒன்று. உப்புப் போட்ட நீர்மோர் இரண்டு டம்ளர். சாம்பார் சாதம் ஆகாது, சாப்பிட்டுவிட்டுக் கட்டத்தில் குந்தினால் அங்கேயே கண் சொக்கும். பூரி வேண்டவே வேண்டாம். சாப்பிட்டதற்கும் ஓடுவதற்கும் நடுவே ஒரு மணி நேரமாவது இருக்க வேண்டும். உடற்கல்விக் கல்லூரியில் ஆரஞ்சுச் சுளையும் குளுக்கோஸும் என்று எழுதிப் போட்டார்கள். ஆரஞ்சுக்கு நான் எங்கே போவேன்? என் கையில் இருந்ததை வைத்து, வாரா வாரம் பிள்ளைகளுக்குப் போட்டுப் பார்த்து நானே கண்டுபிடித்தவை இவை.

இவ்வளவும் தெரிந்த நான்தான் ஒரு சனிக்கிழமை மதியம், என் அணியின் மிக நல்ல ஆட்டக்காரியைப் பட்டினியாக ஓடவிட்டேன். அதைத்தான் எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

கல்யாணமாகி நெய்வேலிக்கு வந்தது எழுபதுகளின் நடுவில். எனக்குத் திண்டுக்கல் பக்கம், அவருக்கு விருதுநகர் பக்கம். அவர் மைன்ஸில் ஃபிட்டர். நான் டவுன்ஷிப்புக்குள் ஒரு பெண்கள் பள்ளியில் பி.டி. டீச்சர். நாங்கள் இருந்த பிளாக்கில் ஒரு வரிசை குவார்ட்டர்ஸுக்குள்ளேயே நாலு ஜில்லாப் பேச்சு கேட்கும். எல்லோரும் அங்கே பிழைக்க வந்தவர்கள்தான். ஆனால் பெர்மனென்ட் ஆகிவிட்டால் அது மறந்துவிடும், எனக்கும் மறந்திருந்தது. எனக்குக் கோபம் மூக்கு நுனியில் இருக்கும். ஒன்றைச் சொல்லிவிட்டால் பின்வாங்க மாட்டேன். பள்ளியில் இதை என் பெருமையாகச் சொல்வார்கள், நானும் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

எல்லாம் டிபன் பாக்ஸில் ஆரம்பித்தது. சனிக்கிழமைகளில் காலையில் ஒரு பயிற்சி ஆட்டம், மதியம் ஒன்று. நடுவில் மைதானத்து ஓரத்தில் இருந்த தூங்குமூஞ்சி மரத்தடியில் சாப்பாடு. குவார்ட்டர்ஸ் பிள்ளைகள் ஒன்பது பேர் ஒரு பக்கம் வட்டமாக உட்கார்வார்கள். மூடிகளைத் திறந்தால் சப்பாத்தி உருளைக்கிழங்கு, தேங்காய் சாதம், ஒருத்திக்கு மட்டும் தனி டப்பாவில் நெய். டவுன்ஷிப்புக்கு வெளியே வடக்குத்து கிராமத்திலிருந்து வரும் பிள்ளைகள் மூன்று பேர். அவர்களில் இரண்டு பேர் தூக்கில் ஏதாவது கொண்டுவருவார்கள், மரத்துக்கு அந்தப் பக்கம் திரும்பி உட்கார்ந்து குடித்துவிட்டு எழுந்துவிடுவார்கள். மூன்றாவது பிள்ளை எதுவுமே கொண்டுவர மாட்டாள். குழாயடிக்குப் போய் இரண்டு கையாலும் தண்ணீர் பிடித்துக் குடிப்பாள். முகத்தைக் கழுவிக்கொண்டு வந்து, கோ-கோ கம்பத்தில் சாய்ந்து நிற்பாள். “சாப்பிடலையாடி?” என்றால், “பசிக்கல டீச்சர்” என்பாள்.

அவளுக்குப் பதினான்கு வயது. ஒல்லி, கருப்பு, நீளமான கால்கள். அவள் அப்பா மைன்ஸில் கான்ட்ராக்டில் மண் அள்ளினார். என் வீட்டுக்காரர் நுழையும் அதே கேட்டில்தான் நுழைவார். ஆனால் கான்ட்ராக்ட் ஆட்களுக்குக் கேன்டீன் டோக்கன் கிடையாது. கோ-கோவில் மூன்று மூன்று பேராக உள்ளே இறங்கித் துரத்துபவர்களுக்குத் தப்பி ஓட வேண்டும். இவள் இறங்கினால் மற்ற இருவரும் அவுட்டாகி வெளியே போய், தண்ணீர் குடித்து, தலைமுடியைக் கோதிக்கொண்டு உட்கார்ந்த பிறகும் இவள் மட்டும் உள்ளே வளைந்துகொண்டிருப்பாள். துரத்துகிறவளின் கை முதுகுக்கு ஒரு சாண் தூரத்தில் வரும், அவ்வளவுதான், ஆள் வேறு பக்கம் இருப்பாள். 

அவளுடைய “பசிக்கல டீச்சர்” ஒரு மாதம் என் காதில் இருந்துகொண்டே இருந்தது. பிறகு ஒரு சனிக்கிழமை எல்லோரையும் வரிசையாக நிற்கவைத்துச் சொன்னேன்.

“அடுத்த வாரத்திலேருந்து யாரும் சாப்பாடு கொண்டுவரக் கூடாது. நான் கொண்டுவர்றேன். எல்லாருக்கும் ஒரே சாப்பாடு. ஒரே இடத்துல உட்கார்ந்து சாப்பிடணும். யார் பையிலயாவது டப்பாவைப் பார்த்தேன், அன்னிக்கு அவ மைதானத்தைப் பத்து சுத்து ஓடணும்.”

பள்ளியில் விளையாட்டுக்கென்று ஒதுக்கியதும் என் கைக்காசும் சேர்ந்து எலுமிச்சை சாதத்துக்கு எப்படியோ ஒப்பேறியது. பண்ருட்டிச் சந்தைக்குப் போகிறவர்களிடம் சொல்லி வேர்க்கடலையை மொத்தமாக வாங்கிவரச் செய்வேன். பலாப்பழக் காலத்தில் ஒரு பழத்தை வாங்கி மரத்தடியில் வைத்து வெட்டினால் பன்னிரண்டு பேரும் கையில் எண்ணெய் தடவிக்கொண்டு சுற்றி உட்கார்ந்துவிடுவார்கள். சனிக்கிழமை விடியற்காலை என் வீட்டில் ஸ்டவ் இரைந்துகொண்டிருக்கும். என் வீட்டுக்காரர் எலுமிச்சம்பழம் பிழிந்து கொடுப்பார். பெற்றவர்கள் சும்மா இருப்பார்களா? நெய் டப்பாக்காரியின் அம்மா வீட்டுக்கே வந்துவிட்டார்.

“டீச்சர், தப்பா நினைக்காதீங்க. இவளுக்கு வெளிச்சாப்பாடு ஒத்துக்காது.”

“வெளிச்சாப்பாடு இல்லைங்க. என் வூட்டுச் சாப்பாடு” என்றேன். இந்த ஊர்ப் பேச்சு கோபம் வந்தால் எனக்குத் தானாக வரும். அந்த அம்மா அதன் பிறகு வரவில்லை.

குழாய்த் தண்ணீர் குடித்த அந்தப் பிள்ளை முதல் வாரம் சாப்பிட்டது எனக்கு இன்னும் கண்ணில் நிற்கிறது. தட்டைப் பார்த்தாள், பக்கத்துத் தட்டைப் பார்த்தாள், இரண்டும் ஒன்றுதான் என்று நிச்சயமான பிறகு சாப்பிட்டாள். மூன்றாம் வாரம் எல்லோரோடும் சிரித்துப் பேசிக்கொண்டு சாப்பிட்டாள். நான் ஜெயித்துவிட்டேன் என்று நினைத்தேன். அந்த நாட்களில் நான் நடந்த நடையே வேறு.

அடுத்த வருடம் மண்டலப் போட்டி எங்கள் மைதானத்திலேயே நடப்பதாக ஏற்பாடாயிற்று. காலை ஒன்பது மணிக்கு அரையிறுதி, மதியம் இரண்டு மணிக்கு இறுதி ஆட்டம். மாவட்ட அணிக்கு ஆள் எடுக்க ஒருவர் வருவார், அன்றைக்கு ஆடுவதைப் பார்த்தே எடுப்பார் என்று சொன்னார்கள். மாவட்ட அணியில் எடுத்த பிள்ளைகளை விளையாட்டு விடுதிக்கு அனுப்புவார்கள். விடுதி என்றால் படிப்பு, தங்க இடம், மூன்று வேளைச் சாப்பாடு. இதை நான் அந்தப் பிள்ளையிடம் தனியாகச் சொன்னேன்.

“மூணு வேளையுமா டீச்சர்?” என்று கேட்டாள். “முட்டைகூட உண்டு” என்றேன். அவள் சிரிக்கவில்லை. ஏதோ மனசுக்குள் கணக்குப் போட்டுப் பார்ப்பதுபோல் நின்றாள்.

போட்டியை நடத்துகிற பள்ளி என்பதால் எல்லாம் என் தலையில். சுண்ணாம்புக் கோடு போடுவது, கம்பம் நடுவது, வருகிற ஊர்ப் பிள்ளைகளுக்குக் குடிதண்ணீர், நடுவர்களுக்கு டீ. ஒரு வாரமாக எனக்குத் தூக்கமில்லை. இவர்தான் சொன்னார்.

“டீச்சரம்மா, அன்னிக்கு ஒரு நாள் நீ அடுப்புப் பக்கம் போகாதே. சாப்பாட்டை என்கிட்ட விடு.”

“நீங்க ஃபர்ஸ்ட் ஷிஃப்ட்ல இருப்பீங்களே?”

“அதனாலதான் சொல்றேன். சனிக்கிழமை கேன்டீன்ல தயிர் சாதம், புளியோதரை. என் கேங்க்ல என்னையும் சேர்த்துப் பன்னெண்டு பேர். எல்லாரும் அன்னிக்கு டோக்கனைக் கொடுத்துடறோம்னுட்டாங்க. ஒரு மத்தியானம் சாப்பிடலன்னா யாரும் செத்துப்போக மாட்டான். அரைமணி பர்மிஷன் போட்டு, பன்னெண்டு மணிக்கு நான் மைதானத்துல இருப்பேன்.”

அவருடைய கேங்க் ஆட்கள் என் பிள்ளைகளை ஒருமுறைகூடப் பார்த்ததில்லை. சுத்தியலும் ஸ்பேனருமாக சுரங்கத்து மண்ணைக் கொண்டுபோகும் பெல்ட்டுக்கு அடியில் ஊர்ந்து வேலை செய்கிற மனிதர்கள் தங்கள் சாப்பாட்டைத் தூக்கிக் கொடுக்கிறார்கள். வெள்ளிக்கிழமை மாலை அணியைக் கூட்டி வைத்து ஜம்பமாகச் சொன்னேன். “நாளைக்குக் கேன்டீன் சாப்பாடு. முந்திரி போட்ட தயிர் சாதம். காலையில லேசா எதையாவது சாப்பிட்டுட்டு வாங்க, மத்தியானம் என் பொறுப்பு. வழக்கம்போல, யாரும் எதுவும் கொண்டுவரக் கூடாது.”

அரையிறுதி எதிர்பார்த்ததைவிட நன்றாகவே போயிற்று. அந்தப் பிள்ளையை அவர்களால் பிடிக்கவே முடியவில்லை. ஷாமியானாவுக்கு அடியில் வெள்ளைத் தொப்பி போட்ட ஒருவர் மடியில் நோட்டை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அவர்தான் ஆள் எடுக்க வந்தவர். அவள் ஓடும்போது அவர் எழுதாமல் நிமிர்ந்து பார்ப்பதை நான் கவனித்தேன். பதினோரு மணிக்கு எங்கள் பிள்ளைகள் மரத்தடிக்கு வந்து சேர்ந்தார்கள். நான் மோர் கொடுத்தேன். சாப்பாடு பன்னிரண்டுக்கு வரும் என்றேன்.

பன்னிரண்டு ஆயிற்று. வரவில்லை. பன்னிரண்டேகாலுக்கு என்னால் நிற்க முடியவில்லை. கணக்கு டீச்சரின் சைக்கிளை வாங்கிக்கொண்டு மைன்ஸ் கேட்டுக்கு மிதித்தேன். கைப்பையை ஸ்டாஃப் ரூமில் வைத்துவிட்டு வந்தது பாதி வழியில்தான் நினைவு வந்தது. என்னிடம் இருந்தது கழுத்தில் தொங்கிய விசில் மட்டும்.

கேட்டுக்கு உள்ளே இவர் நின்றுகொண்டிருந்தார். சைக்கிள் கேரியரில் இரண்டு பெரிய அலுமினியக் குண்டான், டியூபால் இறுக்கிக் கட்டியிருந்தது. மேலே வாழை இலைக் கட்டு. அதுவரை எனக்கு ஒன்றும் புரியவில்லை. என்னைப் பார்த்ததும் அவர் கையை விரித்தார்.

செக்யூரிட்டி ஆள் வயதானவர், இந்தப் பக்கத்துக்காரர். கோபமாகப் பேசவில்லை, கெஞ்சுகிற குரலில்தான் பேசினார். “அம்மா, உள்ள எவ்ளோ வேணா சாப்புடலாம்ங்க. குண்டானோட வெளிய போவணும்னா கேட் பாஸ் வேணும். குண்டான்ல கேன்டீன் நம்பர் அடிச்சிக்கிது பாருங்க.”

“சோறுங்க அது. இரும்பா கடத்திட்டுப் போறோம்?”

“தெரியுதும்மா. ஆளுக்கு ஒரு கேரியர்னா நான் தலையைத் தூக்கிப் பாக்க மாட்டேன். இது மெட்டீரியல் கணக்குல வருது. போன மாசந்தான் ஒரு மெமோ வாங்கிகினு ஒக்காந்துகிறேன். எனக்கு இன்னும் ரெண்டு வருசம் சர்வீஸ்.”

ஒன்பது வருடமாக இவர் தினமும் தன் கேரியரை இந்தக் கேட் வழியாகக் கொண்டுபோய்க் கொண்டுவந்திருக்கிறார். ஒருவரும் ஒன்றும் கேட்டதில்லை. அதே சோறு பன்னிரண்டு பேருக்கு ஒரே பாத்திரத்தில் சேர்ந்தால் அதற்குக் காகிதம் வேண்டும் என்பது அவருக்குத் தோன்றவில்லை. அவரை விடுங்கள், எனக்குத் தோன்றியிருக்க வேண்டும். கையெழுத்து வாங்காமல் ஒரு கயிறுகூட ஸ்போர்ட்ஸ் ரூமை விட்டு வெளியே போக விடாதவள் நான்.

பாஸில் கையெழுத்துப் போட வேண்டிய அதிகாரி கீழே சுரங்கத்துக்குள் இறங்கியிருந்தார். அங்கே பெல்ட் கிழிந்துவிட்டதாம். செக்யூரிட்டி ஆள் எங்கள் முன்னாலேயே மூன்று முறை போன் செய்தார். மூன்று முறையும், சார் கீழே இருக்கிறார், ஏறி வந்ததும் சொல்கிறோம் என்றே பதில் வந்தது. இவர் ஒரு தடவை உள்ளே ஓடிப்போய் யாரையோ பார்த்துவிட்டு வேர்த்து விறுவிறுத்து வந்தார். எதுவும் நடக்கவில்லை. வெயில் மண்டையைப் பிளந்தது. புளியோதரை வாசனை கேட்டைத் தாண்டி வந்துகொண்டிருந்தது. அதற்கு மட்டும் பாஸ் தேவைப்படவில்லை.

ஒரு மணி ஆனபோது செக்யூரிட்டி ஆள் தன் கூண்டுக்குள் போனார். கழுவிக் கவிழ்த்து வைத்திருந்த தன் டிபன் பாக்ஸை எடுத்துக்கொண்டு வந்தார். இரண்டு அடுக்குப் பாக்ஸ். என்னிடம் நீட்டினார்.

“அம்மா, இதுல அடங்குற மாதிரி போட்டு எடுத்துகினு போங்க. ஒருத்தருக்கு, ஒண்ணரை பேருக்கு ஆவும். நான் அந்தாண்ட திரும்பிக்கிறேன்.”

“வாங்கிக்கோ” என்றார் இவர்.

நான் வாங்கவில்லை. எனக்கு அந்த நேரத்தில் என்ன வந்தது என்று இத்தனை வருடம் யோசித்தும் நியாயம் கற்பிக்க முடியவில்லை. “பன்னெண்டு பேர் உட்கார்ந்திருக்காங்க. ஒருத்தி வாயில மட்டும் எப்படிப் போடறது? எல்லாருக்கும் ஒரே சாப்பாடுன்னு சொல்லியிருக்கேன். கொடுத்தா பன்னெண்டு பேருக்கும் கொடுங்க, இல்லாட்டி வேண்டாம்” என்றேன்.

“அடம் பிடிக்காதே” என்றார் இவர். மெதுவாகத்தான் சொன்னார். கேட்டுக்கு அந்தப் பக்கம் இருந்து சொன்னார்.

நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். அந்த மனிதர் டிபன் பாக்ஸைக் கொஞ்ச நேரம் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றார். பிறகு கொண்டுபோய்ப் பழைய இடத்திலேயே கவிழ்த்து வைத்தார்.

இன்னும் இருபது நிமிடம் காத்திருந்தேன். கடைசியில் இவர்தான் ஒரு வழி சொன்னார். “நீ போ. ரெண்டு மணிக்கு ஷிஃப்ட் முடியும். பன்னெண்டு பேரும் அவங்கவங்க கேரியர்ல போட்டு எடுத்துட்டு வர்றோம். ஆளுக்கு ஒரு கேரியர்னா யாரும் ஒண்ணும் சொல்ல முடியாது. நீ மேட்சை மட்டும் ஒரு மணி நேரம் தள்ளிப் போடு.”

மைதானத்துக்கு வந்ததும் எதிர் அணி டீச்சரிடம்தான் முதலில் ஓடினேன். அவர் நல்லவர்தான். “எங்களுக்கு நாலு மணி பஸ்ஸை விட்டா அடுத்தது ராத்திரிதான் டீச்சர். பொம்பளைப் பிள்ளைங்களைக் கூட்டிட்டு வந்திருக்கேன்” என்றார்.  அவர் இடத்தில் நான் இருந்தாலும் அதையேதான் சொல்லியிருப்பேன்.

மரத்தடிக்குப் போனேன். பிள்ளைகள் என்னைக் கண்டதும் கையைப் பின்னால் மறைத்தார்கள். புல்லில் காலி டப்பாக்கள் கிடந்தன. அப்போதுதான் தெரிந்தது, ஒன்பது பேரில் ஆறு பேரின் அம்மாக்கள் எனக்குத் தெரியாமல் பைக்கு அடியில் எதையாவது வைத்து அனுப்பியிருந்தார்கள். இட்லி, ரொட்டி, பிஸ்கட். நான் வரவில்லை என்றதும் எடுத்திருக்கிறார்கள். எடுத்ததைப் பங்கு போட்டும் தின்றிருக்கிறார்கள். வடக்குத்துப் பிள்ளைகள் இரண்டு பேருக்கும் ஆளுக்கு இரண்டு இட்லி கிடைத்திருக்கிறது. நெய் டப்பாக்காரி அழ ஆரம்பித்துவிட்டாள். “பத்து சுத்து ஓடறேன் டீச்சர்” என்றாள்.

எனக்குக் கோபம் வரவில்லை. அப்பாடா என்று இருந்தது. “பரவாயில்லடி, எல்லாரும் சாப்பிட்டீங்கள்ல?” என்றேன்.

 ஒருத்தி கம்பத்துப் பக்கம் பார்த்தாள். அந்தப் பிள்ளை அங்கே சாய்ந்து நின்றுகொண்டிருந்தாள். முகத்தில் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.

“நாங்க எவ்வளவோ கூப்பிட்டோம் டீச்சர். அவதான் வேணாம்னுட்டா.”

நான் அவளிடம் போனேன். “ஏண்டி சாப்பிடல?”

“நீங்க சொல்லிக்கிறீங்களே டீச்சர். யாரும் எதுவும் கொண்ணாரக் கூடாது, எல்லாருக்கும் ஒரே சாப்பாடுன்னு. நீங்க எடுத்துகினு வருவீங்கன்னு பாத்துகினு இருந்தேன்.” பிறகு என் வெறும் கையைப் பார்த்தாள். என் முகத்தையும் பார்த்திருக்க வேண்டும். உடனே சொன்னாள். “பசிக்கல டீச்சர்.”

யாருக்காக அந்தச் சட்டத்தைப் போட்டேனோ அவள் ஒருத்திதான் அதை மதித்திருக்கிறாள். மீறத் தெரிந்தவர்கள் எல்லோரும் சாப்பிட்டிருந்தார்கள். ஒன்றரை பேர் சாப்பாட்டை நான் கேட்டில் வேண்டாம் என்று விட்டுவிட்டு வந்திருந்தேன். அவளுக்கு அதுவே போதுமாயிருந்திருக்கும்.

முதலுதவிப் பெட்டியில் குளுக்கோஸ் பாக்கெட்டின் அடியில் கொஞ்சம் ஒட்டியிருந்தது. தண்ணீர் ஊற்றிக் குலுக்கிக் கொடுத்தேன். குடித்தாள். நடுவர் விசில் அடித்தார். கணக்கு டீச்சரை வாழைப்பழம் வாங்க அனுப்பினேன். அவர் கடைத்தெருவுக்குப் போய் வருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

முதல் இன்னிங்ஸில் அவள் எப்போதும்போலத்தான் ஓடினாள். பார்க்கிறவர்களுக்கு அப்படித்தான் தெரிந்திருக்கும். எனக்கு மட்டும் தெரிந்தது, திரும்பும்போது கை கம்பத்தைத் தேடுகிறது. எப்போதும் அவள் கம்பத்தைத் தொடவே மாட்டாள். இரண்டாவது இன்னிங்ஸில் முதல் மூவரில் ஒருத்தியாக இறங்கினாள். இரண்டு முறை வளைந்தாள். மூன்றாவது முறை கம்பத்தைப் பிடித்தவள் விடவில்லை. பிடித்தபடியே மெல்லக் கீழே இறங்கி உட்கார்ந்துவிட்டாள். துரத்தி வந்த பிள்ளை தயங்கி நின்றுவிட்டு, பிறகு பாவம்போல அவள் தோளைத் தொட்டாள். அவுட்.

வெள்ளைத் தொப்பிக்காரர் குனிந்து நோட்டில் ஏதோ எழுதினார். நான் ஷாமியானாவுக்கு ஓடினேன். “சார், அந்தப் பிள்ளை மத்தியானம் ஒண்ணும் சாப்பிடல சார். காலையில ஆடினதைப் பார்த்தீங்கல்ல. அவ இப்படி ஆடற பிள்ளை இல்ல சார்.”

அவர் தலையை நிமிர்த்தி என்னைப் பார்த்தார். “ஏன் சாப்பிடல?” என்று கேட்டார். குத்திக்காட்டவில்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். நான் திரும்பி அந்தப் பிள்ளையைப் பார்த்தேன்.  அவர் கொஞ்சம் பார்த்துவிட்டு மறுபடியும் ஆட்டத்தின் பக்கம் திரும்பிக்கொண்டார்.

ஆட்டம் முடிய ஐந்து நிமிடம் இருக்கும்போது அவர்கள் வந்தார்கள். பன்னிரண்டு சைக்கிள். ஷிஃப்ட் உடையைக்கூட மாற்றவில்லை. கை கால் எல்லாம் கரியும் கிரீஸும். சைக்கிளை மரத்தில் சாத்திவிட்டு, ஆளுக்கு ஒரு கேரியரைக் கையில் பிடித்தபடி கோட்டுக்கு வெளியே வரிசையாக நின்றார்கள். அவர்களும் காலையிலிருந்து சாப்பிடவில்லை. அவர்கள் கையில் சாப்பாடு இருந்தது, எதிரே பிள்ளைகள் ஓடிக்கொண்டிருந்தார்கள், விசில் அடிக்கும்வரை ஒருவரும் ஒன்றும் செய்ய முடியவில்லை. இவர் என்னைப் பார்த்தார். நான் தலையை ஆட்டினேன். அவருக்குப் புரிந்துவிட்டது. கேட்டில் நடந்ததைப் பற்றி அன்றைக்கும் சரி, அதற்குப் பிறகும் சரி, அவர் ஒரு வார்த்தை பேசியதில்லை. பேசியிருந்தால் எனக்குச் சண்டை போடவாவது ஒரு ஆள் கிடைத்திருக்கும்.

தோற்றோம். அது ஒன்றும் பெரிதில்லை. எல்லோரும் மரத்தடியில் உட்கார்ந்தோம், பன்னிரண்டு பிள்ளைகளும் பன்னிரண்டு ஆண்களும். கேரியர்களைத் திறந்தார்கள். கேங்க் ஆட்கள் தாங்கள் தொடாமல் பிள்ளைகளுக்குப் போட்டார்கள். பிள்ளைகள் வயிறு நிறைந்தவர்கள்போல் கொறித்துவிட்டு அவர்களுக்குத் திருப்பிப் போட்டார்கள். அந்தப் பிள்ளைக்கு நானே இலையில் தயிர் சாதம் வைத்தேன். குனிந்த தலை நிமிராமல் சாப்பிட்டாள். பாதி சாப்பிட்டதும் கையை நிறுத்தினாள்.

“டீச்சர், மீதியை வூட்டுக்கு எடுத்துகினு போவட்டா?”

“நீ முதல்ல சாப்பிடு. வீட்டுக்குத் தனியாத் தர்றேன்.”

“இல்ல டீச்சர். நேத்து ராத்திரி எங்கம்மாகிட்ட சொல்லிட்டேன். நாளைக்கு டீச்சர் போடுவாங்க, எனக்குச் சேத்து ஆக்காத, இருக்கறதைத் தம்பிக்கும் தங்கச்சிக்கும் போட்டுடுன்னு. காலையிலயும் எனக்கு வேணாம்னுட்டேன். அதான், இதை எடுத்துகினு போனா ராவுக்கு ஆவும்.”

அவள் காலையிலும் சாப்பிடாமல்தான் வந்தாள் என்பது அப்போதுதான் எனக்குத் தெரியும். முந்தின நாள் மாலை நான் ஜம்பமாகச் சொன்னேன் அல்லவா, மத்தியானம் என் பொறுப்பு என்று? அந்த வார்த்தையை நம்பி ஒரு வீட்டில் ஒரு ஆளுக்கான அரிசியைக் குறைத்திருக்கிறார்கள். எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. விசிலை எடுத்து வாயில் வைத்துக்கொண்டேன், வேறு என்ன செய்வது என்று தெரியவில்லை.

மாவட்ட அணிப் பட்டியல் இரண்டு வாரம் கழித்து வந்தது. எங்கள் பள்ளியிலிருந்து ஒருத்தியை எடுத்திருந்தார்கள். நெய் டப்பாக்காரியை. நன்றாக ஆடுகிற பிள்ளைதான், குறை சொல்ல முடியாது. அவள் அம்மா ஸ்வீட் பாக்ஸோடு வீட்டுக்கு வந்தார். விடுதிக்கெல்லாம் அனுப்ப மாட்டோம் டீச்சர், அங்கே சாப்பாடு எப்படி இருக்குமோ என்றார். அந்த இடம் சும்மா போயிற்று. நான் மூன்று கடிதம் எழுதினேன். ஒன்றுக்கு மட்டும் பதில் வந்தது, அடுத்த வருடம் பார்க்கலாம் என்று. அடுத்த வருடம் அந்தப் பிள்ளை பள்ளியிலேயே இல்லை. பண்ருட்டிப் பக்கம் முந்திரி உடைக்கப் போய்விட்டதாகச் சொன்னார்கள்.

ஆனால் நான் சொல்ல வந்தது அதற்கு முன்னால் நடந்தது. போட்டிக்கு அடுத்த சனிக்கிழமை, வழக்கம்போல விடியற்காலையில் எழுந்து எலுமிச்சை சாதம் கிளறினேன். பன்னிரண்டு பேருக்கும் போதும்போதும் என்று கிளறினேன். இவர் பழம் பிழிந்து கொடுத்தார். மைதானத்துக்குப் போனால், மரத்தடியில் அவள் எனக்கு முன்னாலேயே வந்து நின்றுகொண்டிருந்தாள். கையில் ஒரு சின்னத் தூக்கு. மூடி சரியாகப் பொருந்தாததால் துணியால் கட்டியிருந்தாள். ஒன்றரை வருடத்தில் அவள் கையில் நான் ஒரு பாத்திரத்தைப் பார்த்தது அதுதான் முதல் தடவை.

“என்னடி அது?” என்றேன்.

“கூழு டீச்சர்” என்றாள். நான் கோபித்துக்கொள்வேனோ என்று பயந்து அவசரமாகச் சொன்னாள். “உங்க சாப்பாடும் சாப்புடுவேன் டீச்சர். இது சும்மா, வரலன்னா வச்சிக்கலாம்னு.”

பத்துச் சுற்று ஓடச் சொல்ல வேண்டியது. தூக்கை வாங்கி, வெயில் படாத இடமாகப் பார்த்து, மரத்தடியில் வைத்தேன்.